மூன்றடி உயரத்தில் நின்ற கத்தல்

கனகாம்பாள் திருமண மகாலின் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளின் கத்தல்கள் கலைந்து போகாமல் அங்கேயே நிற்கத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்தில். முகூர்த்தம் இல்லாத மாதம், கோட்டை அடுப்புக்குள் பூனை குட்டி போட்டுப் படுத்துக் கிடக்கிற மாதம், சும்மா கிடக்கிற கூடத்தில் அமல்ராஜ் மாஸ்டர் நாற்பது பொடிசுகளை வரிசையாக நிறுத்தி வைத்துக் காலையும் சாயங்காலமும் கராத்தே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மாதம். அதை முதன்முதலில் கேட்டவள் தவமணி. அவளுக்குத்தான் கேட்டிருக்க முடியும், ஏனென்றால் அந்த மண்டபத்தில் விடிந்ததிலிருந்து அடைகிறவரைக்கும் குனிந்தே கிடந்தவள் அவள் ஒருத்திதான். துடைப்பத்தோடு மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் குனிந்தவள் காதுக்குள் "கியாய்!" என்று ஒரு பொடிக்குரல், கராத்தேயில் பிள்ளைகள் போடுகிற அதே கத்தல், விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள், கூடம் வெறிச்சென்று கிடந்தது. குனிந்தாள், மறுபடியும் கியாய். ரெண்டடி தள்ளிக் குனிந்தால் வேறொரு பிள்ளையின் குரல். "அட மூதேவிகளா, போகும்போது சத்தத்தையும் பொறுக்கிட்டுப் போகக் கூடாதா?" என்று வைதுவிட்டு மிச்சக் கூடத்தையும் பெருக்கி முடித்தாள்.

விஷயம் இவ்வளவுதான். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்று கத்தியதோ அந்த இடத்தில், அந்தப் பிள்ளையின் வாய் உயரத்தில், அந்தக் கத்தல் நின்றது. பெரியவர்கள் நிமிர்ந்து நடந்தால் இடுப்புக்குக் கீழே அது பாட்டுக்கு இருக்கும், ஒன்றும் கேட்காது. குனிந்தால் கேட்கும். ஏன் அப்படி என்று கேட்டவர்கள் ரெண்டு நாள் கேட்டார்கள். கட்டடத்தில் கோளாறு என்றார் ஒருத்தர், அஸ்திவாரத்துக்கு அடியில் பழைய கிணறு இருக்கிறது என்றார் இன்னொருத்தர், மூன்றாம் நாள் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் ஊரில் மனிதருக்கு யோசிக்க ஏது நேரம்?

ஆவணியில் முகூர்த்தங்கள் வந்தன. சாம்பார் வாளியோடு குனிந்த பரிமாறுகிற பையன்கள் முதல் பந்தியில் ரெண்டு பேர் மேல் சாம்பாரைக் கொட்டினார்கள், ரெண்டாம் பந்தியில் பழகிக்கொண்டார்கள். புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட வரும் வழியில் பெரியவர்கள் காலில் விழுந்தார்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. விழுந்து எழுந்த பொண்ணு முகமெல்லாம் சிவந்து, "காதுல பிள்ளைச் சத்தம் கேட்டுச்சு" என்றாள். அவ்வளவுதான், சம்பந்திகள் ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கல்யாணத்தன்றைக்கே பிள்ளைச் சத்தம் கேட்கிற மண்டபம் என்று ஊரெல்லாம் பேச்சாகி, தை, மாசி, பங்குனி வரைக்கும் தேதி கிடைக்கவில்லை. பட்டுவேட்டிப் பெரியவர்களே கூடத்தில் விழுந்து கேட்டுப் பார்த்தார்கள். போட்டோ எடுக்கிறவன் "இங்க விழாதீங்க, மூணாவது தூண்கிட்ட விழுங்க, அங்கதான் நல்லாக் கேக்கும்" என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டது.

அதோடு நிற்குமா நம் சனம்? திக்குவாய்ப் பிள்ளை, படுக்கையில் ஒண்ணுக்குப் போகிற பிள்ளை, இருட்டைக் கண்டால் அலறுகிற பிள்ளை எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வந்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்று தடவை நடக்க வைத்தார்கள். பயம் தெளிந்துவிடுமாம். தெளிந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் வரிசை நீண்டுகொண்டே போனது. மண்டபத்து முதலாளி கனகசபை வாசலில் செருப்பு விட ஒரு தகரக் கொட்டகை போட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மாஸ்டரின் வகுப்பால் பிள்ளைகளுக்கு நல்லதுதான் நடந்தது. அவர் தட்டியில் எழுதி வைத்திருந்ததெல்லாம், தன்னம்பிக்கை வளரும், கவனம் கூடும், ஒழுக்கம் வரும், பயம் போகும் என்றிருந்ததெல்லாம், கண்ணெதிரே நடந்தது. தவமணியின் மகள் தன்ஷிகாவையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஏழு வயசு. யாராவது பேர் கேட்டால் அம்மா சேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிற பிள்ளை. மண்டபத்தைப் பெருக்குகிறவள் மகளுக்குச் சும்மாவே சொல்லித் தருகிறேன் என்று மாஸ்டர் சேர்த்துக்கொண்டார். நாலு மாதத்தில் அது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவில் நின்று, "இச்சி, நி, சான்" என்று ஜப்பான் பாஷையில் எண்ணி மற்ற பிள்ளைகளுக்கு வரிசை கற்றுக்கொடுத்தது. சின்னப் பிள்ளைகளுக்கு மாஸ்டர் சொல்லுவது மூன்றே மூன்று. "அடிக்கிறதெல்லாம் அப்புறம். எவனாச்சும் பிடிச்சா மொதல்ல வயித்துல இருந்து கத்து. குதிகாலால பாதத்துல மிதி. ஓடு. என்ன செய்யணும்?" நாற்பது பிள்ளைகளும் சொல்லும்: "கத்தணும், மிதிக்கணும், ஓடணும்!"

தவமணிக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அவள் வாய் இருக்கிறதே, அது பெருமையையும் வசவாகத்தான் வெளியே விடும். "பெரிய பயில்வான் கணக்கா நிக்கா பாரு, திங்கிற சோத்தைச் சிந்தாமத் திங்கத் தெரியல" என்பாள். புருஷன் கேரளாவில் ரப்பர் தோட்டத்தில். அவன் ஒருத்தன் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பேச்சுக்கு இடையில் பிள்ளை ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், பஸ் நிற்காத ஸ்டாப்பில் நின்று கைகாட்டுகிற மாதிரி நிற்க வேண்டும். இது தவமணிக்கும் தெரியும். தெரிந்து என்ன, வாய் நின்றால்தானே.

மார்கழியில் மறுபடியும் முகூர்த்தம் இல்லை. ஒரு புதன்கிழமை வகுப்பு பாதியில் இருக்கும்போதே தன்ஷிகா வீட்டுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் பெல்ட் இல்லை. வேலை முடிந்து வந்த தவமணி, மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்ததும், "வகுப்புக்கு மட்டம் போட்டுட்டு இங்க என்னட்டீ பண்ணுத? பெல்ட்டு எங்க? எவ்வளவு பெரிய மனுஷன் சும்மாச் சொல்லித் தாராரு, ஒனக்குக் கொழுப்பா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழவில்லை. அடுத்த நாள் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. விரல் விரலாகப் பிரித்து இழுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து பிள்ளை தானாக நடந்து வந்து, வரிசையில் கடைசியில் நின்று, வாயை மட்டும் திறந்தது. கத்தல் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க மண்டபத்தில் பேச்செல்லாம் தனுஷ்கோடியின் கால் பற்றி. தனுஷ்கோடி முதலாளி மச்சினன், முதலாளியம்மா கோமதியின் கூடப் பிறந்த தம்பி, பாத்திர அறைச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு திரிகிறவன். அண்டா விழுந்து பாதம் வீங்கிவிட்டது என்றான். ஆளுக்கொரு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள். தவமணியும் வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். ஆமாம், அவளேதான் கொடுத்தாள், பின்னால் இதை நினைத்து நினைத்துக் கையைச் சுவரில் அடித்துக்கொண்டதும் அவளேதான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் வெள்ளையடிப்பு. தைமாத முதல் முகூர்த்தம் முதலாளி மகள் கல்யாணம், அதனால் ஒரு மூலை விடாமல் சுத்தம் செய்யச் சொல்லி, பாத்திர அறையையும் திறந்துவிட்டார்கள். அண்டா, குண்டா, இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் ஆட்கள் வெளியே தூக்கிப் போன பிறகு தவமணி துடைப்பத்தோடு உள்ளே போய்க் குனிந்தாள்.

"கியாய்."

மூன்றாவது தூண் பக்கம் தினமும் கேட்கிற குரல். அவள் பெற்ற குரல். இங்கே எப்படி என்று ஓரடி நகர்ந்தாள். ரெண்டாவது கத்தல் முழங்கால் உயரத்தில் நின்றது. மூன்றாவதைக் கேட்க அவள் தரையோடு தரையாகக் கன்னத்தை வைக்க வேண்டியிருந்தது. அது சாண் உயரத்தில், அரிசி மூட்டை அடுக்குகிற மூலையில், பாதி அமுங்கிக் கிடந்தது. தவமணி அந்த அறையில் நாலு காலில் தவழ்ந்தாள். நாலாவது கத்தல் பின்வாசல் படியில் இருந்தது. அது முழு உயரத்தில் இருந்தது, வயிற்றிலிருந்து வந்திருந்தது, எல்லாவற்றிலும் பெரிசாக இருந்தது. தன் பிள்ளை கத்தி, மிதித்து, ஓடித் தப்பித்திருக்கிறது என்று அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு அவள் தெரிந்துகொண்டாள்.

இன்னொன்றும் தெரிந்தது. இந்த நாலு கத்தலையும் அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அந்தப் புதன்கிழமை, மாஸ்டர் பிள்ளைகளை மைதானத்துக்கு ஓடக் கூட்டிப் போயிருந்த நேரம், கூடத்தில் அவள் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலு தடவை கேட்டது. நிற்கிற கத்தல்களில் நாலு, சனியன் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டதா என்று நினைத்துக் குப்பையை முறத்தில் வாரினாள். கத்தலோடு கத்தலாகப் பழகிப்போன காது. அந்த ஊரில் வேறு எந்தத் தாய்க்கும் அந்தத் தப்பு நேர்ந்திருக்காது. பிள்ளை வாயைத் திறந்தால் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்விதான், நீ எங்கம்மா இருந்தே என்பதுதான், அதற்கு என்ன பதில் சொல்ல? அந்தக் கேள்விக்குப் பயந்து தவமணி பிள்ளையிடம் ஒன்றும் கேட்காமலே ஊரிடம் கேட்கப் போனாள்.

முதலில் மாஸ்டர். அமல்ராஜ் மறுபேச்சில்லாமல் தரையில் படுத்துக் கேட்டார். எழுந்தார். ரொம்ப நேரம் வெள்ளைச் சட்டையிலிருந்த தூசியைத் தட்டினார்.

"அக்கா, நம்ம பிள்ள தப்பிச்சிருச்சு. அதை மொதல்ல பாருங்க. நான் சொல்லிக்குடுத்தது வீண்போகல."

"அதுக்கு?"

"இதைப் பெருசு பண்ணுனா இடம் போயிரும்க்கா. நாப்பது பிள்ளைங்க. அதுகளுக்கு இந்தப் பயிற்சி எவ்வளவு நல்லதுன்னு ஒங்களுக்கே தெரியும். நாளைக்கு அதுகளுக்கு ஒண்ணுன்னா, கத்தத் தெரிய வேண்டாமா?"

"கத்துனா கேக்கதுக்கு ஆள் வேண்டாமா மாஸ்டர்?" என்றாள் தவமணி. அவர் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். நல்ல மனுஷன்தான், அதுதான் கொடுமை.

பிறகு முதலாளி வந்தார். கூடவே ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் ரெண்டு பேர், கோமதியம்மா. "கொஞ்சம் குனிஞ்சு கேளுங்க மொதலாளி, ஒரே ஒரு தடவை குனிங்க" என்று தவமணி கும்பிட்டாள். பிள்ளைச் சத்தம் கேட்கும் என்று பட்டுவேட்டியோடு கூடத்தில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்த அதே பெரியவர்களுக்கு, இந்த அறை வாசலில் வந்ததும் ஒருத்தருக்கு மூட்டுவலி, ஒருத்தருக்கு டாக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார். முதலாளி பாதி குனிந்து முதல் கத்தலை மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, "பிள்ள இங்க வந்து பிராக்டிஸ் பண்ணிருக்கு. நல்லாத்தான் கத்துது. இதுல என்ன?" என்றார்.

கோமதியம்மா மட்டும் முழுக்கக் குனிந்தாள். மூலை வரைக்கும் போனாள். மூன்றாவது கத்தல் பக்கத்தில் அவள் தலை ரொம்ப நேரம் தரையில் இருந்தது. எழுந்த கோமதியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றாள். "கால் மரத்துப்போச்சு" என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள்.

தவமணி போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஏம்மா, நிக்கிற சத்தத்தை நான் எப்படி எழுத? பிள்ளையக் கூட்டிட்டு வா. அது வாயால சொல்லட்டும், இப்பவே எழுதுறேன்." தவமணி வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். பிள்ளை அவளைப் பார்த்தது. அவள் வாய் திறந்து, தலை ஏன் இப்படிப் பரட்டையாகக் கிடக்கிறது, எண்ணெய் வைத்தாயா, நோட்டை எங்கே போட்டாய், என்று பேசிக்கொண்டே போனது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

ரெண்டு நாளில் பாத்திர அறைக்கு டிராக்டரில் மணல் வந்தது. மார்பு உயரத்துக்குக் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பாத்திரம் வைக்க மேடை என்றார்கள். முதல் கத்தலும் ரெண்டாவதும் மூன்றாவதும் மணலுக்குள் போயின, நாலாவது செங்கலுக்குள் போயிற்று. தவமணியை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. கல்யாண நேரத்தில் வேறு ஆள் கிடைக்காது. அவளும் போகவில்லை. சிமெண்ட் வாடை போகாத மேடையைத் தினமும் பெருக்கினாள், குனிந்து குனிந்து காதை வைத்துப் பார்த்தாள், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அதுவரைக்கும் அவளுக்கு வந்தது அழுகை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

தை பிறந்து முதல் முகூர்த்தம். மணவறையில் பொண்ணும் மாப்பிள்ளையும். பொண்ணுக்குத் தாய்மாமன் தனுஷ்கோடி. தாய்மாமன் மரியாதைக்கு மேல் மரியாதை உண்டா? பட்டுச் சட்டை, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், மணவறை ஓரத்தில் லேசாக நொண்டிக்கொண்டு நின்று மருமகளுக்கு மாலை போட்டான். எல்லோர் கையிலும் அட்சதை. ஐயர் கையைத் தூக்கி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார். அபசகுனமாக ஒரு சொல், ஒரு தும்மல், ஓர் அழுகை காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதானே அந்த நேரத்தில் மேளத்தை அப்படிக் கொட்டுகிறார்கள்? கொட்டினார்கள். தவமணி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மணவறை ஏறினாள்.

அவள் குனியவில்லை. முதுகை நிமிர்த்தி, காலை அகட்டி, பிள்ளைகளுக்கு மாஸ்டர் சொல்லிக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அதே மாதிரி, வயிற்றிலிருந்து கத்தினாள்.

"என் பிள்ளைய என்னடா பண்ணுன, தனுஷ்கோடி!"

மேளம் அதை அமுக்கவில்லை. ரெண்டு பேர் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினார்கள். அவள் போனாள், கத்தல் போகவில்லை. ஐந்தடி உயரத்தில், பெரியவர்கள் காது உயரத்தில், மணவறை ஓரத்தில் அது நின்றது. தாலி ஏறிவிட்டது, அக்கினியைச் சுற்றி வர வேண்டும். முதல் சுற்றில் மாப்பிள்ளை காதில் அது விழுந்தது, ரெண்டாவது சுற்றில் பொண்ணு நின்றுவிட்டாள், மூன்றாவது சுற்றை யாரும் சுற்றவில்லை. ஆசீர்வாதம் செய்ய ஏறினவர்கள் ஒருத்தர் விடாமல் அதற்குள் நுழைந்துதான் போக வேண்டியிருந்தது. காதைப் பொத்திக்கொண்டு போனவர்களுக்கும் கேட்டது. மண்டியிட்டுத் தவழ்ந்து போனால் கேட்டிருக்காது, ஆனால் பட்டுச்சேலையோடு எவள் தவழுவாள்? கோமதியம்மா மட்டும் அந்த இடத்தில் வந்து நின்று, நகராமல், தன் தம்பியைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். தனுஷ்கோடி மாலையோடு வாசலைப் பார்த்து நடந்தான். பந்தியில் இலை போட்டபடி கிடந்தது.

தவமணி வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்தாள். வழியில் யாரோ என்னவோ கேட்டார்கள், பதில் சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. குரல் இல்லை. தொண்டையைக் கனைத்தாள், தண்ணீர் குடித்தாள், மகள் பேரைச் சொல்லிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. இருந்த குரலையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

தன்ஷிகா அடுப்படி வாசலில் நின்றாள். அம்மா வந்ததும் வசவு வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. தவமணி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன. வீட்டில் அப்படியோர் அமைதி இருந்ததே இல்லை.

"அம்மா," என்றாள் தன்ஷிகா. நிறுத்திப் பார்த்தாள். யாரும் குறுக்கே பேசவில்லை. "அன்னைக்கு நான் தண்ணி குடிக்கத்தான் வந்தேன்மா. அந்த மாமா, டம்ளர் எடுத்துத் தாரேன் உள்ள வான்னு சொன்னாரு."

சொன்னாள். முதலிலிருந்து, ஒன்று விடாமல், நடுவில் மூச்சு வாங்கி, பெல்ட் அறுந்தது, கால் எட்டாமல் மூன்றாவது தடவைதான் மிதிக்க முடிந்தது, எல்லாம் சொன்னாள். தவமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூடப் பிள்ளையைத் தொடவில்லை, தொட்டால் சொல்லுவதை நிறுத்திவிடுமோ என்று பயந்தாள்.

"நாலு தடவ கத்துனேன்மா. மாஸ்டர் சொன்ன மாதிரியே கத்துனேன்." பிள்ளை அவள் கண்ணை நேராகப் பார்த்தது. "ஒனக்குக் கேட்டுச்சாம்மா?"

தவமணி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.